காகம் வராத அமாவாசை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடந்தது. போன வருஷம் ஆடி அமாவாசையன்று, பட்டப்பகலில், கப்பலில் நடந்தது. காலை பத்தே முக்காலுக்கும் பதினொன்றரைக்கும் இடையில். எனக்குச் சொன்னவள் கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடியில் எதிர் வீட்டுக்காரி சாம்பவி. நான் தோண்டித் துருவிக் கேட்டேன் என்பது உண்மைதான். கேட்காமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. கேட்ட பிறகும் வரவில்லை, அது வேறு கதை.

சாம்பவிக்கு நாற்பத்திரண்டு வயது. தசை நோய். ஆறு வருஷமாக மோட்டார் பூட்டிய சக்கர நாற்காலிதான் கால். வலது கைப்பிடியில் ஒரு குமிழ் இருக்கும். விரலால் அசைத்தால் ஓடும், திரும்பும், நிற்கும். வெள்ளவத்தையில் அண்ணன் லோகேஸ்வரன் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். தாய் விட்டுப்போன கொட்டாஞ்சேனை வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே தனியாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அண்ணனுக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே பிரஷர் ஏறும்.

"விழுந்தா ஆரடி தூக்குறது?"

"விழேக்க பாப்பம்."

கடைசியில் லோகேஸ்வரன் ஒரு பரீட்சை வைத்தார். கொழும்புத் துறைமுகத்தில் ஏறி மாலைதீவு போய்த் திரும்பும் கப்பல், ஐந்து நாள். ஒருவரையும் உதவிக்குக் கூப்பிடாமல் போய் வந்தால் வீட்டுச் சாவி அவளுக்கு. ஒருக்கால் கூப்பிட்டாலும் வீட்டை விற்றுவிடுவார், அவள் பின்னறையிலேயே இருக்க வேண்டியதுதான். மேற்பார்வைக்கு மனைவி தனுஷியா. ஓசிக் கப்பல் பயணம் அவளுக்குக் கசக்குமா? மூன்று பெட்டியோடு ஏறினாள்.

சக்கர நாற்காலிக்காரருக்கென்றே இருக்கும் அறை அது. அகலக் கதவு, கடல் பார்த்த பல்கனி, அதன் வாசற்படிக்குச் சின்னச் சரிவுப் பலகை. கட்டிலடியிலும் பல்கனிக் கதவடியிலும் குளியலறையிலும் சிவப்புக் கயிறு தொங்கும். இழுத்தால் ஆள் ஓடி வரும். தனுஷியாவின் கண் அந்தக் கயிறுகளில்தான். இரண்டு நாள் போனது. சாம்பவி தானே கட்டிலுக்கு மாறினாள், தானே குளித்தாள், நாற்காலிக்குத் தானே சார்ஜ் போட்டாள். கயிற்றைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் ஆடி அமாவாசை.

தனுஷியாவின் தகப்பன் செத்து நாலு வருஷம். கப்பலென்றால் என்ன, விரதம் விரதம்தான். வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்த வாழையிலையை விரித்தாள். சாப்பாட்டு மண்டபத்தில் விடியவே வரிசையில் நின்று எடுத்து வந்த சோறு, பூசணிக்காய், வெள்ளரிக்காய் எல்லாவற்றையும் பல்கனித் தரையில் படைத்தாள். கும்பிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். இளகின மனசுக்காரி, கடலைப் பார்த்ததும் இன்னும் இளகிவிட்டது.

"கடலில செத்துப்போய், படைக்க ஒருத்தரும் இல்லாத ஆக்களும் வந்து சாப்பிடுங்கோ."

"மச்சாள், இருக்கிறது ஒரு இலை. ஊரையெல்லாம் கூப்பிடாதீங்கோ," என்று சாம்பவி சிரித்தாள்.

இனிக் காகம் வந்து கொத்த வேண்டும். கொத்தினால்தான் விரதக்காரர் சாப்பிடலாம். ஆனால் கப்பல் கரைக்கு எட்டத்தில் நங்கூரம் போட்டிருந்தது. தீவில் காகம் இருக்குமாம். இந்தப் பூசணிக்காய்க்காக அது இவ்வளவு தூரம் பறந்து வருமா?

கரைக்கு ஆட்களைச் சின்னப் படகில்தான் ஏற்றினார்கள். சாம்பவியின் நாற்காலி நூற்றுப் பதினெட்டுக் கிலோ. படகில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நீ இலையைப் பாத்துக்கொள் பிள்ளை. பறவை ஏதும் வந்தா எனக்கு மெசேஜ் போடு," என்று சொல்லிவிட்டுத் தனுஷியா கடைசிப் படகில் போனாள். மணி பத்தேகால்.

10.45. கப்பல் அடங்கிவிட்டது. பாட்டு இல்லை, பிள்ளைகளின் சத்தம் இல்லை. அடியில் எங்கோ எஞ்சின் முனகியது. சாம்பவி பல்கனிக்கு முதுகு காட்டி, மேசையடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

11.04.

சப்… சப்… சப்…

பறவை என்று நினைத்தாள். பறவை கொத்தும், சப்பாது என்பது பிறகுதான் பொறி தட்டியது. குமிழை அசைத்துத் திரும்பினாள்.

பல்கனியில் ஒன்றும் இல்லை. இலையில் சோறு பாதிதான் இருந்தது. மிச்சச் சோற்றில் விரல்கள் அளைந்த தடம். தரை காய்ந்திருந்தது. இலையைச் சுற்றி மட்டும் ஈரம்.

போனில் படம் எடுத்தாள். படத்தில் இலை நிறையச் சோறு இருந்தது.

11.09. ஒரு கணம் கண்ணைப் போனுக்குத் தாழ்த்தி நிமிர்ந்தாள். இலை வெறுமையாக இருந்தது. மடித்திருந்தது. கலியாண வீட்டில் மடிப்பதுபோல அல்ல… செத்த வீட்டில் மடிப்பதுபோல.

போதும் என்று நினைத்தாள். வெளியே போவோம்.

குமிழை அசைத்தாள். நாற்காலி நகரவில்லை.

சார்ஜ் இருந்தது. பச்சை விளக்கு எல்லாம் எரிந்தது. பிறகுதான் விளங்கியது. நாற்காலியின் முதுகுப் பக்கம், சில்லுகளுக்கு மேலே இரண்டு மஞ்சள் பிடிகள் உண்டு. அவற்றைக் கீழே அமத்தினால் மோட்டார் விடுபட்டுவிடும், ஆள் பின்னால் நின்று தள்ளலாம். அவளுடைய கை அங்கே எட்டாது.

யாரோ அமத்தியிருக்கிறார்கள்.

யாரோ பின்னால் நிற்கிறார்கள்.

11.13. நாற்காலி அசைந்தது.

மெல்ல… தள்ளத் தெரியாத ஆள் தள்ளுவதுபோல, இடமும் வலமும் கோணிக்கொண்டு. பல்கனியை நோக்கி. தோளடியில் மூச்சு. பாசி மணம். குளிர்.

கதவடியில் சிவப்புக் கயிறு. கைக்கு எட்டும் தூரம்.

இழுத்தால் ஆள் வரும்.

இழுத்தால் வீடு போகும்.

விரல் கயிற்றில் பட்டது…

விரலை மடக்கிக்கொண்டாள்.

சரிவுப் பலகை. டொக். பல்கனி. கம்பி. கம்பிக்குக் கீழே கடல்.

நாற்காலி நின்றது.

சப்தமே இல்லை.

என்ன சொல்வது? வீட்டுக்கு வந்தவரை அனுப்பும்போது சொல்லிப் பழகினதுதான் வாயில் வந்தது.

"சாப்பிட்டாச்சுத்தானே… போயிட்டு வாங்கோ."

டக்.

டக்.

இரண்டு பிடிகளும் மேலே ஏறின.

குமிழைத் தொட்டாள். நாற்காலி ஓடியது. மணி 11.26.

தனுஷியா இரண்டரைக்கு வந்தாள், முகமெல்லாம் வெயில். இலையைப் பார்த்ததும் சந்தோஷம்.

"காகம் வந்ததே?"

"ஓம்."

"இதென்ன, ஆர் இப்பிடி மடிச்சது?"

"காத்து."

"காத்துக்கு மடிக்கத் தெரியுமோ?" என்று கேட்டுக்கொண்டே தனுஷியா சாப்பிடப் போய்விட்டாள். பசி.

மீதி இரண்டு நாளும் ஒன்றும் இல்லை. கயிறு ஒருக்காலும் இழுபடவில்லை என்று தனுஷியா புருஷனிடம் சாட்சி சொன்னாள். லோகேஸ்வரன் சாவியைக் கொடுத்தார். ஆவணியில் சாம்பவி எங்கள் மாடிக்கு வந்தாள். வந்த அன்றே மீன் குழம்பு வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் தந்தாள். நல்ல கைப்பக்குவம். இப்படி மலர்ந்த முகத்தை நான் அந்த மாடியில் கண்டதில்லை.

புரட்டாதியில் நாற்காலி சண்டித்தனம் செய்யத் தொடங்கியது. முந்தி நாள் முழுக்க ஓடினது, மத்தியானத்தோடு படுத்துவிடும். மருதானையில் இந்த நாற்காலிகள் திருத்தும் கிளெமென்ற் வந்து ஏற்றிக்கொண்டு போனார். இரண்டாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். சீனி கேட்கப் போயிருந்தேன்.

"பற்றரி நல்லம் அக்கா. மோட்டார் நல்லம். ஆனா வண்டி இழுக்குது, பாரம் கூடின மாதிரி. எனக்குச் சந்தேகம் வந்து, பக்கத்து இரும்புக் கடைத் தராசில ஏத்தினன்."

"சரி?"

"புத்தகத்தில நூத்துப் பதினெட்டு. தராசு நூத்து நாப்பத்தொம்பது காட்டுது. தராசு பிழையெண்டு நான் ஏறிப் பாத்தன். என்ர நிறை சரியாக் காட்டினது. சீற்றைக் கழட்டினன், மூடியெல்லாம் கழட்டினன். உள்ளுக்க ஒண்டுமில்லை."

சாம்பவி கட்டிலில் இருந்தபடியே அந்த வெறும் நாற்காலியைப் பார்த்தாள். கிளெமென்ற் லிப்டில் இறங்கின பிறகு என் கையைப் பிடித்தாள். அப்போதுதான் மேலே எழுதினதெல்லாம் சொன்னாள்.

"அண்ணாட்டச் சொல்லிப்போடாதீங்கோ அன்ரி. சாவியத் திருப்பிக் கேப்பார்."

லோகேஸ்வரனிடம் நான் சொல்லவில்லை. கிளெமென்றை மட்டும் கார்த்திகையில் இன்னொருக்கால் நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். நிறுத்துவிட்டு அந்த மனுசன் நாற்காலியை எங்கள் கேற்றடியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். போனில்தான் நிறையைச் சொன்னார்.

நூற்று ஐம்பத்துநாலு.

வளர்கிறது.