கண்ணாத்தாளுக்கு வந்த ஒரே சொல்

கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே ஒரு முந்திரிக்கொல்லை. 1953 சித்திரையில், பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பதினொரு வயது கண்ணாத்தாளின் வலக்கையிலிருந்து கூடை நழுவியது. குனிந்தவள் அப்படியே சரிந்தாள். அப்பா ராக்கன் ஓடிவந்து தூக்கினார். வலக்கால் துவண்டது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"என்னாத்தா செய்யுது?"

"இந்தா," என்றாள். தண்ணி வேணுமா என்றதற்கும் "இந்தா"தான். வேறு சொல் வரவில்லை.

காத்துக்கருப்பு என்றார்கள் சிலர். இளம்பிள்ளை வாதம் என்றார்கள் சிலர். வேப்பிலை அடித்தார்கள், எண்ணெய் தேய்த்தார்கள். மழைக்காலத்துக்குள் காலை இழுத்து நடக்கத் தொடங்கினாள். கை மடங்கியே கிடந்தது. பேச்சு திரும்பாததால் ராக்கன் அவளை பஸ்ஸில் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் சூசைராஜ் அவள் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். "முன்னாடி மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துச்சுங்க. தானா வடிஞ்சிருச்சு."

"அது இருதய வால்வைக் கெடுத்துட்டுப் போயிருக்கு. அங்கே உறைஞ்ச ரத்தத்துல ஒரு துணுக்கு ஏறி, மூளைக்குப் போற குழாயை அடைச்சிருச்சு. இளம்பிள்ளை வாதம்னா பேச்சு இப்படிப் போகாது." ராக்கனின் கையை எடுத்து மகளின் நெஞ்சில் வைத்தார். உள்ளே அதிர்ந்தது. "நாம பேசுறது அவளுக்கு விளங்கும், சொல்லத்தான் வராது. இன்னொண்ணு, கல்யாணம் பண்ணிக் குடுத்துராதீங்க. பிள்ளை உண்டானா இந்த நெஞ்சு தாங்காது."

கடைசியாகச் சொன்னதை ராக்கன் மனைவி பொன்னுத்தாயிடம்கூடச் சொல்லவில்லை. தன் காலத்துக்குப் பிறகு மகளுக்கு யார் என்ற பயம் அவருக்கு.

கண்ணாத்தாளுக்கோ எல்லாம் கேட்டது. அவளை உட்காரவைத்துக்கொண்டே 'புத்தி கெட்ட புள்ள' என்று பேசுவார்கள். மனசுக்குள் பதில் முழுசாக இருக்கும்; நாக்குக்கு வரும்போது "இந்தா" ஆகிவிடும். கத்தினால் தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள். கத்துவதை விட்டாள்.

பதினெட்டு வயதில், அரிமளத்துப் பக்கம் மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் பேசினார்கள். மாப்பிள்ளையின் தாய் பிச்சையம்மாள் பார்க்க வந்தாள்.

"கையும் பேச்சும்தான் குறை. மத்தபடி நல்லாத்தானே இருக்கு?"

"வேற ஒண்ணுமில்லங்க," என்றார் ராக்கன்.

கண்ணாத்தாள் அப்பாவையே பார்த்தாள். பிறகு காலை இழுத்துக்கொண்டு போய், பிச்சையம்மாளின் கையை இடக்கையால் பற்றித் தன் நெஞ்சில் அழுத்தினாள். "இந்தா. இந்தா."

"விடு புள்ள!" என்று ராக்கன் எழுந்தார்.

பிச்சையம்மாள் கையை எடுக்கவில்லை. "என்னய்யா இது, பூனை வயித்துல கை வச்ச மாதிரி அதிருது? மருமக ஒருத்தியப் பிரசவத்துல பறிகுடுத்துட்டு வந்திருக்கேன். மறைக்காமச் சொல்லுங்க."

ராக்கன் தலைகுனிந்தபடி, டாக்டர் எச்சரித்ததைச் சொன்னார். காப்பியைக்கூடத் தொடாமல் பிச்சையம்மாள் கிளம்பினாள்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்று புருஷனிடம் அழுத பொன்னுத்தாய், மகளிடம் திரும்பினாள். "நாங்க போனா ஒன்னைய யாரு பாப்பா?"

அதற்குப் பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை. ராக்கன் அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். வருஷங்கள் போக "ஆத்தா", "வேணாம்" என்று இரண்டொரு சொல் திரும்பியது. மூச்சோ குறைந்துகொண்டே வந்தது. முதலில் கொல்லைக்குப் போவது நின்றது, பிறகு கிணற்றடிக்கு. கடைசியில் அடுப்படிச் சுவரோரம் மட்டும்.

1966 ஐப்பசியில், அங்கேயே சாய்ந்திருந்தவளுக்குச் சோறு ஊட்ட வந்தாள் பொன்னுத்தாய். "வேணாம்," என்று கண்ணாத்தாள் தலையைத் திருப்பினாள். தண்ணீர் எடுத்து வருவதற்குள் மூச்சு அடங்கியிருந்தது.