கவ்வாத்து மலையில் விழுந்த அறை

என் அம்மா என்னை ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறாள். அந்த அடி கடல் வரைக்கும் கேட்டது என்றால் யாரும் நம்புவதில்லை. எனக்கென்னவோ அதைச் சொல்வதில் பெருமைதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நிவித்திகலவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கோயில் திருவிழா. கிழக்குக் கரையில் மீன்பிடிக்கிற மாமா, அத்தையின் வீட்டுக்காரர், முதல் தடவையாக எங்கள் லயத்து வீட்டுக்கு வந்திருந்தார். டவுனிலிருந்து அப்பாவோடு அவரைக் கூட்டிவந்தபோது, கண்டக்டரிடம் சிங்களத்தில் பேசி டிக்கெட் எடுத்தது நான். அதனால் மாமா முழுக்க என் பொறுப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

ஆனால் மாமா திருவிழாவுக்கு வந்தவர் மாதிரியே இல்லை. சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். காரணத்தை அத்தை முன்னமே போனில் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அவர்கள் கரைக்குப் பக்கத்தில், தண்ணீருக்கடியில் சில பவளப்பாறைகள். ஒவ்வொன்றையும் 'பார்' என்பார்கள். தகப்பன் காலத்திலிருந்து மாமாவின் குடும்பம் அதில் ஒரு பாரில்தான் தூண்டில் போட்டுப் பிழைத்தது. கடல் சூடாகிப் பவளம் சுண்ணாம்பாக வெளுத்து, மீன் குறைந்துவிட்டது. போதாததற்கு வெளியூர்ப் படகுகள் வேறு வந்து அள்ளிக்கொண்டு போயின. மீனவர் சங்கம் கூடி, அந்தப் பாரைக் கொஞ்ச காலம் யாரும் தொடக்கூடாது என்றது. மாமா மட்டும் மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். அவர் இணங்காவிட்டால் மற்றவர்களும் பின்வாங்கிவிடுவார்கள், பார் அதோடு சரி என்று அத்தை அழுதாளாம்.

மறுநாள் அம்மா அவருக்கு மலை காட்டப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். ஐந்தாம் நம்பர் மலையில் அப்போதுதான் கவ்வாத்து முடிந்திருந்தது. மலை முழுக்க வெறும் குச்சி. மாமா திகைத்து நின்றுவிட்டார்.

"ஆர் தங்கச்சி இந்த அநியாயத்தச் செய்தது? எல்லாம் செத்துப்போச்சே."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சாகலண்ணே. நாங்கதான் வெட்டுனோம். செடி களைச்சுப் போச்சுன்னா கவ்வாத்து வெட்டி வுட்டுருவோம். தளுத்து வர்ற வரைக்கும் யாரும் கை வைக்க மாட்டோம்."

"அதுவரைக்கும் எதைத் தின்னுறது?"

"மத்த மலையில எடுப்போம். எல்லா மலையையும் ஒரே நாள்லயா வெட்டுறோம்?"

மாமா குனிந்து வெட்டுப்பட்ட ஒரு குச்சியைத் தடவிப் பார்த்தார்.

பக்கத்து ஆறாம் நம்பர் மலை சில மாதங்களுக்கு முன்னே வெட்டியது. குச்சியெல்லாம் இளந்தளிர். என் கைவேகத்தை மாமாவுக்குக் காட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? புகுந்து ஒரு பிடி கிள்ளி, ஓடிவந்து நீட்டினேன். பளாரென்று விழுந்தது.

"ஒரு பிடிதானேன்னு ஆளாளுக்குக் கிள்ளுனா செடி என்னத்துக்கு ஆகும்? வளர வுட்டாத்தானே நாளைக்கு எடுக்கலாம்?"

விருந்தாளி முன்னால் மானம் போயிற்று. கங்காணிக்குப் பயந்துதான் அடித்தாள் என்று நினைத்தேன். கங்காணியோ அந்தப் பக்கமே இல்லை. மாமா என் விரல்களைப் பிரித்து, அந்தக் கொழுந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் தேர் இழுக்கக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டார். வந்தவரை விரட்டிவிட்டாய் என்று அம்மாவோடு மூன்று நாள் பேசாமல் இருந்தேன்.

இரண்டு வருசம் கழித்து மாமாவிடமிருந்து ஒரு பார்சல் கருவாடு வந்தது. அதற்குள் தனியாக, ஓலையில் சுற்றி, என் பெயர் எழுதிய ஒரு பெரிய மீன். அடிபட்ட பிள்ளைக்கு ஆறுதல் என்று புரிந்துகொண்டேன். யாருக்கும் கொடுக்கவில்லை, முக்கியமாக அம்மாவுக்கு. நாலு நாள் வைத்து நானே தின்று தீர்த்தேன்.

போன மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று சங்கக் கூட்டம். தேயிலைச் செடியைக் கண்ணால் கண்டிராத ஒரு பெரியவர், "இந்த வருசம் எந்தப் பாருக்குக் கவ்வாத்து?" என்று கேட்டார். ஒன்றை மூடினால் மற்றதில் பிடிப்பது என்று முறை வைத்து, தன் பாரை முதலில் மூடக் கொடுத்தவர் மாமாதானாம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

திரும்பி வரும்போது மாமா அந்த மீனைப் பற்றிச் சொன்னார். "பாரைத் திறந்த அண்டைக்கு முதல் விழுந்த மீன் அது. உன்ர அம்மாவுக்குச் சேர வேண்டியது. அடி வாங்கினது நீ எண்டதால உன்ர பேரை எழுதினன்."

அந்த நாலு நாளும் அம்மா எனக்கு எதிரில்தான் உட்கார்ந்து வெறும் சோறு தின்றாள். ஒரு துண்டு கேட்கவில்லை. முள் பார்த்துத் தின்னு என்று மட்டும் சொன்னாள்.