அண்ணனின் பற்றரி

கணினியில் வரைகிற பற்றரி ஒருநாளும் சாகாது. இரண்டு கோடு கீறிப் பன்னிரண்டு வோல்ட் என்று எழுதிவிட்டால் போதும், உலகம் அழியுமட்டும் அதைத் தந்துகொண்டே இருக்கும். சேர்க்கிட் வரைகிற அந்த மென்பொருளைச் செய்தவர்கள் வீட்டில் கரண்ட் போனதே இல்லைப் போலும்.

எங்கள் கட்டடத்தில் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஸ்காபரோவில் பழைய கட்டடம், பன்னிரண்டாம் மாடி. அண்ணனுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து வரும் வருத்தம். முகமூடி மாட்டிய மூச்சு மெஷின் இரவும் பகலும் ஓட வேண்டும். கழற்றினால் நாலைந்து வசனம் பேசுவார், பிறகு திணறுவார். கரண்ட் போனால் பாவிக்க, யாரோ பாவித்துக் கழித்த பற்றரி ஒன்று கிடைத்திருந்தது. புதியதற்குச் சொல்லிவைத்திருந்தோம்; வரும் வரும் என்றார்கள். பழையதன் மேல் எட்டு மணித்தியாலம் என்று அச்சடித்திருந்தது. அச்சடித்ததை நம்புகிற ஆள் நானில்லை. சேர்க்கிட், அதாவது மின்சுற்று, சோதிப்பதுதான் என் வேலை.

அண்ணியும் நம்பவில்லை. "தம்பி, உது உண்மையா எட்டு மணித்தியாலம் நிக்குமெண்டால் நான் வேலைக்குத் திரும்பிப் போவன்," என்றார். பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிற வேலை. பகலில் பராமரிக்க ஒரு பெண் வருவார்தான், ஆனால் கரண்ட் போய் லிஃப்டும் நின்றுபோன கட்டடத்தில் அவரால் அண்ணனை என்ன செய்ய முடியும்? நாலு சுவருக்குள் இருந்து இருந்து அண்ணியின் முகம் சுண்டிப்போயிருந்தது.

அண்ணனையே மெஷினோடு வைத்தா சோதிப்பது? மெஷின் இழுக்கிற அதே அளவு மின்சாரத்தைப் பற்றரியிலிருந்து இழுத்து, சூடாக்கி வெளியே தள்ளுகிற ஒரு சேர்க்கிட் வேண்டும். முதலில் அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். சாகாத பற்றரிக்குள் மின்சாரத்தை மறிக்கிற ஒரு தடையை நானே போட்டு, அதைக் கிழடாக்கினேன். கட்டிலிலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், ஒருகாலத்தில் எலக்ட்ரிசியன், கண்ணால் முகமூடியைக் காட்டிக் கழற்றச் சொன்னார். "ட்ரான்சிஸ்டர் கொதிக்கும். ஃபான் ஒண்டு வை." நான் கேட்கவில்லை. மேசையில் கட்டிய முதல் சேர்க்கிட் புகைந்து நாறியது. அன்று அண்ணன் கண்ணாலேயே சிரித்தார். அடுத்ததை ஃபான் வைத்துக் கட்டினேன்.

ஆனால் ஒரு பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று அறிய, அதை முழுதாக வெறுமையாக்கத்தான் வேண்டும். திரும்பச் சார்ஜ் ஏற அரைநாள் போகும். இடையில் கரண்ட் போனால் எங்களிடம் வேறொன்றும் இல்லை. நான் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். அண்ணன்தான் செய், செய் என்று பிடிவாதமாக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி பூசைக்கும் பிறகு கடைக்கும் போக முதல் செபமாலையை அண்ணனின் தலையணையில் வைத்துவிட்டுப் போனார். நான் சுவிட்சைப் போட்டேன்.

திரையில் கோடு நேராகப் போனது. மூன்று மணித்தியாலம் ஆக முதலே சரிந்தது, பிறகு தொப்பென்று விழுந்தது. உடனே சார்ஜரை மாட்டினேன். அண்ணன் மறுபடி முகமூடியைக் காட்டினார்; கழற்றினேன்.

"அவளுக்கு எட்டெண்டு சொல்லு."

"அண்ணை, விசரே உங்களுக்கு?"

"இஞ்சையிருந்து என்ரை மூச்சை எண்ணிறாள். என்னோடை சேந்து அவளும் சாகிறாளடா. போகட்டும்."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. முகமூடியை மாட்டிவிட்டேன்.

அண்ணி குளிர்கோட்டில் பனியோடு வந்து, சப்பாத்துக் கழற்றாமலே கேட்டார்: "எவ்வளவு, தம்பி?"

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு என்று சொல்லி, நாளைக்கு அவர் செத்தால் நான் எப்படி உயிரோடு இருப்பேன் என்பதுதான் எனக்கு ஓடியது. அவருக்காகக்கூட இல்லை, எனக்காகவே பயந்தேன்.

"மூண்டும் இல்லை, அண்ணி."

அண்ணி அப்படியே கதிரையில் குந்திவிட்டார். அடுத்த நாள் வெயர்ஹவுஸுக்கு ஃபோன் எடுத்து, இனி வரவில்லை என்று சொன்னார்.

அண்ணனுக்குக் குரல் முழுதாகப் போக இன்னும் சில மாதங்கள் இருந்தன. அண்ணியோடு பேசினார். பராமரிக்க வந்த பெண்ணோடும் பேசினார். என்னோடு பேசவில்லை.