எழுபத்தாறில் நான் கொண்டுவந்த லேகியம்

இன்று சிட்னியின் பரமட்டாவில் என் பழைய நண்பன் சிவபாதத்துடன் கோப்பி குடித்தேன். அடுத்த கிழமை இருவரும் ஒரே விமானத்தில் கொழும்புக்குப் போகிறோம்.

முழங்கால் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கஞ்சா எண்ணெய்ப் போத்தலை எடுத்து என் பக்கம் தள்ளினான். "உன்ர பையிலை வை மச்சான். உன்னை ஒருத்தரும் மறிக்க மாட்டாங்கள்."

"உன்ர பேரிலை எழுதின மருந்தை நான் கொண்டுபோக ஏலாது. இங்கத்தைய டாக்டரின்ர கடிதம் அங்கை செல்லாது. நீயும் கொண்டுபோகாதை" என்றேன்.

"எழுபத்தாறிலை லேகியம் கொண்டு வந்தனிதானே. அதிலையும் கஞ்சாதான். என்ன நடந்தது?"

ஊருக்குப் போய்த் திரும்பும்போது சிட்னியில் இருந்த அவனுக்கென்று அவன் வீட்டில் தந்துவிட்ட, நாரிப்பிடிப்பு என்கிற இடுப்பு வலிக்கான லேகியம் அது. அந்த நாளில் ஒருவர் தந்த பார்சலைப் பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை. சிட்னி சுங்க அதிகாரியிடம், உள்ளே வெறும் மூலிகைதான் என்று சத்தியம் செய்தேன். அப்போது நான் குடியேறி ஒரு வருடம்தான். பிடிபட்டிருந்தால் என்னை ஊருக்கே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

"தெரிஞ்சே என்னைக் கொண்டு வரச் சொன்னனியா?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ கொண்டு வந்திருக்க மாட்டாய்."

சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுடைய பிள்ளைகள் இன்றும் என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போத்தலைத் திருப்பித் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன். விமானத்தில் இருக்கையையும் மாற்றிவிட்டேன்.

எழுபதுகளில் என்னிடம் பார்சல் தந்துவிட்ட மற்றவர்களும் இதை வாசிப்பீர்கள். உள்ளே என்ன வைத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். கருவாடு என்றால் மன்னிக்கிறேன்.