கிராஸுக்குப் போகும் வழி

எதிர் வீட்டுப் பெண் அடுத்த வாரம் பிரான்சுக்குச் சுற்றுலா போகிறாள். தெற்கே கிராஸ் என்று ஒரு ஊராம், வாசனைத் திரவியத்துக்குப் பேர்போனதாம். எனக்கே சொல்கிறாள்!

"செருப்பு தட்டையா இருக்கட்டும்டி. ஊரெல்லாம் படிக்கட்டுச் சந்து. நீரூற்று இருக்கற சதுக்கத்துக்குக் காலையிலேயே போயிடு, மத்தியானம் கடையைச் சாத்திடுவா. மூணு செண்டுக்கு மேலே மோந்து பாக்காதே, மூக்கு மரத்துடும்."

"மாமி, நீங்க எப்போ போனீங்க?"

நானாவது, போவதாவது! மதுரைக்குத் தெற்கே நான் கால் வைத்ததில்லை.

அந்த ஊரின் மல்லிகையும் நம் ஜாதிமல்லியும் ஒரே இனம். அந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின வருஷம் ஞாபகம் வந்துவிடும். எனக்குப் பதினேழு வயது, கல்யாணமாகி ஒரு வருஷம். என் கணவர் திருச்சி பெரிய கடை வீதியில் ராவுத்தர் ஒருவரின் செண்டுக் கடையில் வேலை பார்த்தார். அவருடைய மூக்கு அப்படி. நான் ரசத்தில் பெருங்காயத்தை மறந்தால் வாசலிலேயே தெரிந்துவிடும்; அது எனக்கு ஒரு தொல்லை.

"ஆறே மாசம் சாமி. கிராஸுக்குப் போய்த் தொழிலைக் கத்துக்கிட்டு வாங்க. அப்புறம் கடையில நீங்களும் பங்காளி" என்றார் ராவுத்தர். கூடவே அந்த ஊரைப் பற்றிய பயணக் கையேடு ஒன்றையும் கொடுத்தார்.

ஸ்ரீரங்கத்தில் எனக்குக் கோயிலை விட்டால் போக்கிடம் கிடையாது. சாயங்காலம் கணவரோடு கோயிலைச் சுற்றிய வீதிகளில் பிரதட்சிணம் வரலாம். ஊரார் எங்கள் பக்தியை மெச்சினார்கள். நாங்கள் சுற்றியதென்னவோ கிராஸை! "இதோ சதுக்கம். இந்தப் பக்கம் திரும்பினா மாதா கோயில். பார்த்து வா, படி வழுக்கும்" என்று மணலில் நடந்துகொண்டே சொல்வார். நானும் புடவையைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவேன். எவ்வளவு நடந்து என்ன? நாலு வீதியும் கடைசியில் எங்கள் வாசலில்தான் கொண்டுவந்து விடும்.

வாசலில் அவருடைய அண்ணா இருப்பார். கோயிலில் பெருமாள் முன் பிரபந்தம் பாடும் கோஷ்டியில் எங்கள் குடும்பத்து ஆண்கள் நிற்கப் பரம்பரையாக ஒரு முறை உண்டு. அண்ணா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கடல் தாண்டினவன் கோஷ்டியில நிக்க முடியாது. முறை போயிடும். அப்புறம் என் பொண்ணுகளை யாருடா பண்ணிப்பா?"

அப்படி யார் விதித்தார்கள் என்று அவருக்கும் தெரியாது. அந்தப் பயம் மட்டும் வீட்டில் எல்லோரையும் விட மூத்ததாக உட்கார்ந்திருந்தது.

"போயிட்டு வாங்கோ. நான் இருந்துக்கறேன்" என்றேன்.

"நீ இருப்பே. அந்தக் கொழந்தைகளுக்குக் கல்யாணம் ஆகலைன்னா நான் யார் மூஞ்சியிலே முழிக்கறது?"

கையேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். மறு வருஷம் யுத்தம் வந்து கப்பல்கள் நின்றன. "பாத்தியா, போயிருந்தா அங்கேயே மாட்டிண்டிருப்பான்" என்று அண்ணா பெருமூச்சு விட்டார். இங்கே மாட்டிக்கொண்டவன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவர் கண்ணில் படவில்லை. எனக்கு வந்த கோபத்தில் மோரைச் சாதத்துக்குப் பக்கத்தில் ஊற்றினேன்.

அதன் பிறகும் சாயங்காலம் நடந்தோம். வடக்கு வீதி வெறும் வடக்கு வீதியாக இருந்தது. என் கணவர் கடைசிவரை ராவுத்தர் கடையில் பாட்டில் அடுக்கினார். முறை தவறாமல் கோஷ்டியில் நின்றார்.

அண்ணாவின் பெண்களுக்கு நல்லபடியாகக் கல்யாணம் ஆனது. அவர்களுடைய பிள்ளைகள் லண்டனிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். லீவில் வந்தால் ஊரே கூடி மாலை போடுகிறது. கடலைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

போன மாதம் எங்கள் வீட்டு முறை வந்தது. போய் நிற்கக் குடும்பத்தில் ஓர் ஆண்பிள்ளை இந்த ஊரில் இல்லை. இதற்காகவா அவரைக் கட்டிப்போட்டீர்கள் என்று சண்டை பிடிக்கலாம் என்றால், அண்ணாவும் இல்லை.