சுவருக்குப் பாஸ் கொடுத்தவன்

ராஜிக்கின் நிக்காஹ் புத்தகத்தில் மணமகன் தொழில் என்ற இடத்தில் 'துபாய்' என்று எழுதியிருக்கும். எழுதும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ஃபுட்பால் பிளேயர்னு போடுங்கோ" என்றான் ராஜிக். எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்ணின் வாப்பாவைப் பார்த்தார். அவர் நிதானமாக, "மாப்புளைக்கு விளையாட்டுல இஷ்டம். நீங்க துபாய்னு போடுங்கோ" என்றார். சபையே சிரித்தது. ராஜிக்கும் சிரித்தான். ஆனால் அவன் காது இரண்டும் சிவந்துபோனதை நான் கவனித்தேன்.

நான் முகம்மது சித்தீக், கோல் கீப்பர். பதினான்கு வருஷமாக அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்பவன். இரண்டு பேருக்கும் ஊர் காயல்பட்டினம். எங்கள் ஊரில் பந்து உதைக்கத் தெரியாத ஆண்பிள்ளையைத்தான் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். அதனால் ஃபுட்பால்தான் என் தொழில் என்று ஒருவன் சொன்னால் மூச்சு விடுவதுதான் தொழில் என்று சொன்ன மாதிரி சிரிப்பார்கள்.

துபாயில் அல் கூஸ் பகுதியில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் அவன் ஸ்டோர் கீப்பர், நான் சேல்ஸ்மேன். விசாவிலும் அவனுக்கு அப்படித்தான் போட்டிருந்தது. டூட்டி முடிந்ததும் இரண்டு தெரு தள்ளியிருந்த பழைய குடோனுக்கு ஓடுவோம். உள்ளே பச்சைப் புல்விரிப்பு, சுற்றிலும் இடுப்புயரத்துக்குப் பலகைச் சுவர். அங்கே பந்து வெளியே போகாது. சுவரில் பட்டுத் திரும்பி வரும், ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும். அந்தச் சுவரை ராஜிக் வசப்படுத்திவிட்டான். எதிராளி வந்தால் பந்தைச் சுவரில் அடிப்பான், இவன் இந்தப் பக்கமாகச் சுற்றி ஓடுவான், பந்து அந்தப் பக்கமாக வந்து அவன் காலில் விழும். எதிராளி நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருப்பான்.

இதைக் கேள்விப்பட்டு பஹ்ரைனில் மனாமாவிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே குதைபியாவில் ஒரு ஹாலில் மூன்று நாள் போட்டி, ஏழு கோல். பிறகு மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே ரூவி பகுதிக் கடைக்காரர்கள் டிக்கெட்டும் ரூமும் கொடுத்து, தினமும் மத்தியானம் பிரியாணியும் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் லீவுக்குக் காரணம் வேண்டுமே. எங்கள் மேனேஜருக்குத் தெரிந்த வரையில் ராஜிக்கின் ஒரே தங்கைக்கு நான்கு முறை கல்யாணம் நடந்திருக்கிறது. ஐந்தாவது முறை அவர் பரிதாபப்பட்டு, "ரொம்ப பாவம் பாய் அந்தப் பொண்ணு" என்றார்.

இவ்வளவு ஆடியும் விசாவில் ஸ்டோர் கீப்பர், நிக்காஹ் புத்தகத்தில் துபாய். ஏதாவது ஒரு காகிதத்தில் பிளேயர் என்று வந்துவிட வேண்டும், அதுதான் அவனுக்கு ஆசை. வயது முப்பத்தொன்று ஆனபோது ஷார்ஜாவில் மூன்றாம் டிவிஷன் கிளப் ஒன்று ட்ரயலுக்குக் கூப்பிட்டது. தேறினால் ஒரு வருஷ காண்ட்ராக்ட், கிளப் பெயரில் விசா. இந்த வயதில் இன்னொரு கிளப் கூப்பிடாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கோல் கீப்பருக்கு ஆள் குறைந்ததால் அன்று என்னையும் நிறுத்தினார்கள். அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் பார்த்தேன். பெரிய மைதானம், நிஜப் புல். பத்தாவது நிமிஷத்தில் ராஜிக்கை ஓரக்கோட்டுப் பக்கம் ஒருவன் மறித்தான். ராஜிக் பந்தை அழகாகச் சுவருக்கு அடித்துவிட்டு, இந்தப் பக்கமாகச் சுற்றி ஓடி, காலை நீட்டிக்கொண்டு நின்றான். அங்கே சுவர் ஏது? பந்து கோட்டைத் தாண்டி, பார்க்கிங்குக்குள் புகுந்து, கோச்சின் காரிலேயே போய் இடித்தது. அன்றைக்கு மூன்று தடவை அப்படி அடித்தான். மூன்றாவது தடவை நான் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நண்பன் செய்கிற காரியமா அது? அடக்க முடியவில்லை, என்ன செய்ய.

மொராக்கோக்காரக் கோச் அவனைக் கூப்பிட்டு, கையை விரித்து மைதானத்தைச் சுற்றிக் காட்டினார். "ஹபீபி, ஜிதார் மாஃபி" என்றார். சுவர் இல்லை என்று அர்த்தம். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு ஆட்டம், அதோடு கலாஸ், முடிந்தது என்றும் சொன்னார்.

வீட்டுக்குப் போய் அவன் மனைவி நஜீஹாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு சாயங்காலம் அஸர் தொழுதுட்டு கிளம்புங்கோ. நான்தான் சுவர்" என்றாள். நான்கு அண்ணன்மாரோடு வளர்ந்தவள், நாலு பேரும் பந்தாட்டக்காரர்கள்.

குடோன்களுக்குப் பின்னாலிருந்த மணல் பொட்டலில் அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். ராஜிக் பழக்கத்தில் பாராமல் அடித்தான். அவள் அதற்குள் ஐந்தடி தள்ளிப் போயிருந்தாள். "போயி எடுத்துட்டு வாங்கோ" என்றாள். அவன் ஓடினான். "பழைய சுவர் நின்ன எடத்துல நிக்கும். இந்தச் சுவர் நடக்கும். பார்த்து அடிங்கோ." ஐந்து நாள் அவன் பந்து பொறுக்கினான். ஆறாவது நாள் அவன் தலையை நிமிர்த்தி அவளைத் தேடிவிட்டு அடித்தான், அவள் ஒரே தட்டில் திருப்பினாள். பிறகு வரிசையாக இருபது. எனக்கு வாயெல்லாம் பல்.

வெள்ளிக்கிழமை நஜீஹாவும் வந்து ஓரக்கோட்டுக்கு வெளியே நின்றாள். ராஜிக் நன்றாகவே ஆடினான். கோல் மட்டும் விழவில்லை. கடைசி ஐந்து நிமிஷம். இருவர் அவனை ஓரத்தில் நெருக்கினார்கள். ராஜிக் தலையை நிமிர்த்தினான், தேடினான், கண்டுபிடித்தான், அடித்தான். நஜீஹாவுக்கு. அவளும் யோசிக்காமல் ஒரே தட்டில் திருப்பிவிட்டாள். அவன் வாங்கிக்கொண்டு ஓடிக் கோல் போட்டே விட்டான்.

விசில் ஊதிய ரெஃப்ரி விசிலை வாயிலிருந்து எடுக்க முடியாமல் சிரித்தார். இரண்டு டீமும் புல்லில் உட்கார்ந்துவிட்டது. நஜீஹா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். ராஜிக் ஜெர்சியைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். எனக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. முடிந்தது கதை என்றே நினைத்தேன்.

கோச் மட்டும் சிரிக்கவில்லை. அவனிடம் வந்து, அரபியும் இந்தியும் கலந்து சொன்னார்: "போன வாரம் பாக்காம அடிச்சே. இன்னைக்கு அடிக்கிறதுக்கு முன்னாடி ஆள் எங்கேன்னு பாத்தே. எனக்கு அது போதும். கோட்டுக்கு உள்ளே ஆள் நிறுத்துறது என் வேலை." பிறகு நஜீஹா பக்கம் திரும்பி, "மேடம், உங்க காலு நல்லாயிருக்கு. ஆனா லீக் ஆட்டத்துல கேலரியில உட்காருங்க" என்றார்.

ஒன்றரை மாதத்தில் புது ஐடி கார்டு வந்தது. பின்பக்கத்தில் தொழில்: ஃபுட்பால் பிளேயர். ராஜிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நஜீஹா போட்டோ எடுத்து ஊரிலிருக்கும் வாப்பாவுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம்.

"மாஷா அல்லாஹ். மாப்புளைக்கு விளையாட்டு கெடச்சிட்டு. சரி, வேலை என்ன செய்யுறாவோ?"

ராஜிக்கின் காது சிவந்தது. நஜீஹா போனை எடுத்து, வாய்க்குப் பக்கத்தில் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"வாப்பா, அவங்க வேலையே அதுதான். அந்தப் புத்தகத்துல துபாய்னு எழுதச் சொன்னது நீங்க. இப்ப நீங்களே போயி மாத்திட்டு வாங்கோ."