நெருஞ்சியும் மணப்பெண்ணும் ஒரே கமராவில்

கனமூலை ஊரில் மர்ளியா என்றால் சிலருக்குத் தெரியாது. "பூவுக்கு எக்ஸ்ரே எடுக்கிறவ" என்றால் எல்லோருக்கும் தெரியும். பிழைப்புக்குக் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்துப் படங்களை எடுப்பாள். மனசுக்குக் காட்டுப் பூக்களை எடுப்பாள். முதலில் நம் கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் ஒரு படம். பிறகு கமராவை மயிரிழையும் அசைக்காமல், முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி, புற ஊதா ஒளியில் இன்னொன்று. நமக்கு வெறும் மஞ்சளாகத் தெரிகிற பூ, அதில் ஓரம் வெளுத்து நடுவில் கறுத்துக் கிடக்கும். தேனீக்குத் தெரிகிற அடையாளம் அதுதானாம். இதில் என்ன வருமானம் என்று கேட்பவர்களுக்கு அவள் அடுத்த பூவைக் காட்டுவாள். 

இரண்டு வேலைக்கும் ஒரே கமரா. வினை அங்கேதான் இருந்தது.

2019 டிசம்பர். மழை விட்டுக் களப்பின் நீரோரத்தில் நெருஞ்சி பூத்திருந்தது. முந்தின நாள் கைருன்னிஸாவின் கல்யாணம். வீட்டில் கரண்ட் இல்லாததால் அந்தப் படங்களைக் கணினிக்கு மாற்ற முடியவில்லை. வெயில் ஏறினால் பூ உதிர்ந்துவிடும் என்ற அவசரத்தில், கல்யாணப் படங்கள் கிடந்த கமராவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, காற்று நிற்கட்டும் என்று முள்ளில் குப்புறப் படுத்திருந்தபோது, பக்கத்தில் இரண்டு சப்பாத்துகள் வந்து நின்றன. யாரோ தகவல் கொடுத்து வந்த இளம் பொலிஸ்காரர். அந்த ஏப்ரலில் தேவாலயங்களில் வெடித்த ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு, அபாயா போட்டவள் கடைக்குப் போனாலே பையைத் திறக்கச் சொன்ன காலம் அது. இவளோ பற்றைப் புதருக்குள் கமராவோடு கிடக்கிறாள். எழுந்து உட்கார்ந்தாள்.

"என்ன எடுக்கிறது?"

"பூ, சேர்."

காட்டினாள். மஞ்சள் நெருஞ்சி. அதற்கு முன் எடுத்த கறுத்த பூ.

"இது ஏன் கறுப்பு?" அவர் பொத்தானை அமத்தக் கையை நீட்டினார். இன்னும் இரண்டு படம் தள்ளினால் கைருன்னிஸா, முக்காடில்லாமல், கூந்தலை விரித்தபடி. 'ஒரு ஆம்புளட கண்ணும் படப்படா மகள், ஒன்ன நம்பித்தான்' என்று மணப்பெண்ணின் உம்மா மர்ளியாவின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்.

மர்ளியா கமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இதுக்கு மேல ஆம்புளயளுக்குக் காட்டேலா, சேர். கல்யாணப் படம் ஈக்குது. பொம்புளப் பொலிஸக் கூப்புடுங்க, அவங்க எல்லாத்தயும் பாக்கட்டும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சந்தேகப்பட இதைவிட என்ன வேண்டும்? அவர் முகம் இறுகியது. தள்ளிப் போய்ப் போனில் பேசினார். கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ? வாப்பா வந்து நிற்பாரே. தொண்ணூறில், துவக்கேந்திய இயக்கக்காரர் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது மன்னாரை விட்டு வந்த மனிதர். சீருடையைக் கண்டால் இன்றைக்கும் அவருக்கு நா எழும்பாது. அவள் ஓதத் தொடங்கினாள். பாழாய்ப்போன காற்று அப்போதுதான் நின்றது. நெருஞ்சி ஆடாமல் அசையாமல் இருந்தது. கமராவைத் தொட அவளுக்குத் துணிவு வரவில்லை.

முச்சக்கரவண்டியில் பெண் பொலிஸ் ஒருவர் வந்தார். கமராவை வாங்கி, பொலிஸ்காரருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஓரிடத்தில் விரல் நின்றது.  விரல் மறுபடி நகர்ந்து, கடைசிப் படம் வரைக்கும் போனது.

"என்ன இருக்குது?" என்று சிங்களத்தில் கேட்டார் பொலிஸ்காரர்.

பெண் பொலிஸ் கமராவின் திரையை அணைத்து, மர்ளியாவின் கையில் கொடுத்தார். அபாயாவின் கையில் ஒட்டியிருந்த நெருஞ்சி முள்ளொன்றையும் பிடுங்கிப் போட்டார்.

"மல் விதரய்" என்றார். பூ மட்டும்தான்.

மர்ளியாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.